கிடேரிக் கன்னு வாங்கப் போறீங்களா? அப்பன் ஆத்தா என்ன இனம்னு பாத்துட்டுத் தீவனக் கணக்கு போடுங்க

போன வருசம் சித்திரையில நாலு கிடேரிக் கன்னு வாங்கினேன். ரெண்டு எச்.எஃப் (ஹோல்ஸ்டீன் ஃப்ரீசியன்ங்கற வெளிநாட்டுக் கறுப்பு வெள்ளைப் பால் மாடு) கலப்பு, ஒண்ணு ஜெர்சி கலப்பு, ஒண்ணு நம்ம நாட்டு மாடான காங்கேயம். நாலும் ஏழு எட்டு மாசக் கன்னுதான். சின்னக் கன்னுதானே, எல்லாம் ஒரே மாதிரிதான் தின்னும்னு நெனச்சு நாலுக்கும் ஒரே அளவு கலப்புத் தீவனம், ஒரே அளவு காஞ்ச சோளத்தட்டு, ஒரே அளவு பசும்புல்லுன்னு போட்டுக்கிட்டே இருந்தேன். ஆறு மாசத்துக்குன்னு வாங்கி அடுக்குன சோளத்தட்டு நாலாவது மாசமே காலி. அதைவிடக் கொடுமை, எச்.எஃப் கன்னு ரெண்டும் விலா எலும்பு தெரிய நிக்குது, காங்கேயம் மட்டும் வால் மட்டையில கொழுப்பு கட்டி உருண்டையா நிக்குது. டாக்டர் வந்து பாத்துட்டு, "ஏங்க, எல்லாத்துக்கும் ஒரே படியிலயா அளந்து போடுறீங்க?"ன்னு கேட்டார். அப்பதான் உறைச்சது.

கன்னு எவ்வளவு தின்னும்ங்கறதுல பாதிய அதோட அப்பனும் ஆத்தாளும் என்ன இனம்ங்கறது முடிவு பண்ணிடுது. மீதி பாதிதான் நம்ம பராமரிப்பு, வெயில், புழு, தண்ணி எல்லாம் (இது அளந்து சொன்ன பாதி இல்ல, பேச்சுக்குச் சொல்றேன்). காளைக்கன்னு வாங்கிக் கறிக்கு எடை ஏத்தி விக்கிறவங்களுக்கும் இதே கணக்குதான், சொல்லப்போனா அவங்களுக்குத்தான் இது இன்னும் முக்கியம், ஏன்னா அவங்க லாபமே தீவனச் செலவுக்கும் ஏறுன எடைக்கும் நடுவுல இருக்குற சந்துலதான் இருக்கு. நான் தட்டுத்தடுமாறிக் கத்துக்கிட்டத வரிசையா சொல்றேன்.

1. முதல்ல அப்பன் யாருன்னு கேளுங்க, பேப்பர்ல கேளுங்க

சந்தையில போய் "என்ன இனம்ங்க?"ன்னு கேட்டா "நல்ல சிந்துங்க"ம்பாங்க. நம்ம ஊர்ல சிந்துன்னா ஜெர்சி கலப்பும் சிந்துதான், எச்.எஃப் கலப்பும் சிந்துதான், ரெண்டும் கலந்து மூணாவது தலைமுறையா நிக்கிறதும் சிந்துதான். சிவப்பு சிந்தின்னு நெசமாவே ஒரு இனம் இருக்கு, அதுக்கும் இதுக்கும் பெரும்பாலும் சம்பந்தமே கிடையாது. அந்த வார்த்தைய நம்பி ஒரு பைசா குடுக்காதீங்க.

நிறத்த நம்பறதும் அதே கதைதான். கறுப்பு வெள்ளையா இருந்தா எச்.எஃப் ரத்தம் இருக்குன்னு தெரியும், எவ்வளவுன்னு தெரியாது. காங்கேயம் கன்னு பிறக்கும்போது செவப்பாத்தான் இருக்கும், கொஞ்ச மாசம் போய்த்தான் மயிலை நிறத்துக்கு மாறும். இது தெரியாம ஒருத்தர் சின்னச் செவப்புக் கன்னப் பாத்துட்டு ஜெர்சி கலப்புன்னு வாங்கிட்டுப் போனத நானே பாத்திருக்கேன்.

அதனால வாங்குறதுக்கு முன்னாடி கேக்க வேண்டியது இதெல்லாம்:

தாய்க்கு சினை ஊசி போட்டிருந்தா அந்தப் பதிவு. கால்நடை மருந்தகத்துல பதிவேட்டுல எழுதியிருப்பாங்க, இப்பெல்லாம் பாரத் பசுதன் செயலியிலயும் ஏத்துறாங்க. உறைவிந்துக் குச்சியில காளையோட இனம், காளை நம்பர், எந்த நிலையத்துல எடுத்ததுங்கறது அச்சடிச்சிருக்கும். ஒருசில பண்ணைக்காரங்க அந்தக் குச்சியையே மாட்டுச்சாலையில ஓட்டுக்கு அடியில சொருகி வச்சிருப்பாங்க, அப்படிப்பட்டவங்ககிட்ட கன்னு வாங்குறது பெரிய கொடுப்பினை.

காதுத் தோடு. மஞ்சள் கலர்ல 12 இலக்க நம்பரோட இருக்கும். தாயோட நம்பர், கன்னோட நம்பர் ரெண்டையும் போன்ல போட்டோ எடுத்துக்குங்க. தாய் நம்பர் இருந்தா மருந்தகத்துல குடுத்து எந்தக் காளை ஊசி போட்டாங்கன்னு பாத்துடலாம். கன்னு வாங்கின பிறகு அந்தத் தோட்டு நம்பரோட பதிவுல உரிமையாளர் பேர மாத்தச் சொல்லுங்க, நான் இத ரெண்டு மாசம் தள்ளிப்போட்டு அப்புறம் இன்சூரன்சுக்குப் போனப்ப அலைஞ்சேன்.

தடுப்பூசி விவரம். கோமாரி போட்டாச்சா, கிடேரின்னா 4லேர்ந்து 8 மாசத்துக்குள்ள போடுற கருச்சிதைவு நோய் தடுப்பூசி போட்டாச்சா. இந்த ரெண்டாவது ஆயுசுக்கு ஒரே தடவை போடுறது, வயசு தாண்டிட்டா போட மாட்டாங்க.

சந்தையில வாங்கினா சந்தை ரசீது, டாக்டர் குடுக்குற உடல்நலச் சான்று ரெண்டையும் வண்டியில கையிலயே வச்சிருங்க. ரோட்ல நிறுத்திக் கேட்டா காட்டணும்.

இத எல்லாத்தையும் விட நல்ல வழி, தாய் கட்டியிருக்குற எடத்துக்கே போய்ப் பாக்குறது. ஒரு நாள் பெட்ரோல் செலவுதான். அந்தத் தாய் தொட்டியில எப்படித் தின்னுதுன்னு ஒரு அரைமணி நேரம் நின்னு பாருங்க.

2. ஏன் இனத்துக்கு இனம் வயிறு மாறுது, சுருக்கமா

வெளிநாட்டுப் பால் மாட்டு இனத்துக்கு உடம்பு பெருசு, அதோட கல்லீரல், குடல் மாதிரி உள்ளுறுப்புகளும் உடம்புக்குத் தக்கனையவிட பெருசா இருக்கும். அதெல்லாம் சும்மா ஓடுறதுக்கே தீவனம் வேணும். அமெரிக்காவுல கறி மாட்டுத் தீவனக் கணக்குக்கு வச்சிருக்குற என்ஆர்சி (அங்க இருக்குற தேசிய ஆராய்ச்சிக் குழு) முறையில, சும்மா உயிர் வாழுறதுக்கான தேவை நம்ம நாட்டு மாடு மாதிரி திமில் இனங்களுக்கு 10 சதவீதம் கம்மி, எச்.எஃப், ஜெர்சி மாதிரி பால் இனங்களுக்கு 20 சதவீதம் அதிகம்னு வச்சிருக்காங்க. அதே கணக்குல தீவனம் எடுக்குற அளவும் எச்.எஃப் கன்னு கறி மாட்டுக் கன்ன விட 8 சதவீதம் கூட. எச்.எஃபையும் கறி மாட்டையும் சேத்த கலப்புக் கன்னுன்னா 4 சதவீதம் கூட. பாருங்க, கரெக்டா நடுவுல வந்து நிக்குது. அப்பன்கிட்டேர்ந்து பாதி, ஆத்தாகிட்டேர்ந்து பாதி.

ஆனா ஆத்தா கையில இன்னொரு விசயமும் இருக்கு. கன்னு வயித்துல எவ்வளவு பெருசா வளரும், பிறந்த பின்னாடி எவ்வளவு பால் கெடைக்கும்ங்கறது அவகிட்டதான் இருக்கு. அதனால சின்ன நாட்டுப் பசுவுக்கு எச்.எஃப் ஊசி போட்டுப் பிறந்த கன்னு ஆறு மாசத்துல பாக்க சின்னதா இருக்கும், "இது கம்மியாத்தான் தின்னும்"னு நெனச்சு வாங்கிடுவோம், அதுக்கப்புறம் அப்பன் ரத்தம் வேலையக் காட்டும், ஒன்றரை வயசு வரைக்கும் வளந்துக்கிட்டே இருக்கும், தொட்டிய நக்கிட்டு நம்ம மூஞ்சியப் பாக்கும். என்கிட்ட இருந்த ரெண்டு எச்.எஃப்ல ஒண்ணு இப்படித்தான்.

3. எடை பாருங்க, குத்துமதிப்பு வேணாம்

டெய்லர் டேப் ஒண்ணு போதும். முன்னங்காலுக்கு ஒட்டிப் பின்னாடி நெஞ்சச் சுத்தி அளக்கணும், அது சுற்றளவு. தோள்பட்டை முனையிலேர்ந்து வாலுக்குப் பக்கத்துல துருத்திக்கிட்டு இருக்குற எலும்பு முனை வரைக்கும் அளக்கணும், அது நீளம். ரெண்டும் இஞ்சுல. சுற்றளவ சுற்றளவாலயே பெருக்கி, அத நீளத்தால பெருக்கி, 660ஆல வகுத்தா கிலோ வரும். சுற்றளவு 50, நீளம் 42னா, 50 பெருக்கல் 50 பெருக்கல் 42, ஒரு லட்சத்து ஐயாயிரம், வகுத்தல் 660, 159 கிலோ. அஞ்சாறு கிலோ முன்னப்பின்ன இருக்கும், பரவால்ல.

காலையில தீனி வைக்கறதுக்கு முன்னாடி அளங்க. சந்தையில வயிறு உப்பித் தெரியறதுக்காக உப்புத்தண்ணி குடிக்க வச்சுக் கூட்டிட்டு வருவாங்க, அங்க வயித்தப் பாத்து எடை போட்டா ஏமாந்துதான் போவீங்க. நெஞ்சுச் சுத்தளவு அந்த அளவுக்குப் பொய் சொல்லாது.

4. தீவனக் கணக்கு

இங்கதான் எல்லாரும் கோட்டை விடுறது. தீவனத்துல தண்ணிய நீக்கிட்டு மிஞ்சுறத உலர்பொருள்ம்பாங்க. கணக்கெல்லாம் அதுலதான். தட்டு, வைக்கோல், கலப்புத் தீவனம் இதெல்லாம் 100க்கு 90 உலர்பொருள். கோ 4, கோ 5 மாதிரி கம்பு நேப்பியர் புல்லு 100க்கு 20தான், மீதி 80 தண்ணி. 10 கிலோ புல்லு வெட்டிப் போட்டுட்டு நெறைய போட்டாச்சுன்னு நெனைப்போம், உள்ள போறது 2 கிலோதான்.

பொதுவா நம்ம ஊர்ல சொல்ற அளவு: நாட்டு மாட்டுக்கு 100 கிலோ எடைக்கு 2லேர்ந்து 2.5 கிலோ உலர்பொருள், கலப்பினத்துக்கு 2.5லேர்ந்து 3 கிலோ. இதுல மூணுல ஒரு பங்கு கலப்புத் தீவனம், மூணுல ரெண்டு பங்கு நார்த் தீவனம். அந்த நார்த் தீவனத்துலயும் மூணுல ரெண்டு காஞ்சது, ஒண்ணு பச்சை.

இந்த அளவ வச்சு என் கன்னுகளுக்கு நான் போட்டது, ஒரு நாளைக்கு:

எச்.எஃப் கலப்பு, 160 கிலோ எடை. 2.8 சதவீதம்னு வச்சேன், 4.5 கிலோ உலர்பொருள். கலப்புத் தீவனம் 1 கிலோ 650 கிராம், தட்டு 2 கிலோ 200, பசும்புல்லு 5 கிலோ.

ஜெர்சி கலப்பு, 130 கிலோ. 2.7 சதவீதம், மூன்றரை கிலோ. கலப்புத் தீவனம் 1 கிலோ 200, தட்டு 1 கிலோ 750, புல்லு நாலேகால் கிலோ.

காங்கேயம், அதே 130 கிலோ. 2.2 சதவீதம், 2.9 கிலோ. கலப்புத் தீவனம் முக்கால் கிலோ போதும், தட்டு 1 கிலோ 650, புல்லு மூன்றரை கிலோ.

ஜெர்சியும் காங்கேயமும் எடையில ஒண்ணுதான், தீவனத்துல அரை கிலோவுக்கு மேல வித்தியாசம் பாத்தீங்களா. அதுலயும் கலப்புத் தீவனம்தான் காசு. காங்கேயத்துக்கு அதக் கொட்டிக்கிட்டே இருந்தா வளத்தி ஏறாது, கொழுப்புதான் ஏறும், கொழுத்த கிடேரி சினை பிடிக்கறதுக்கு மக்கர் பண்ணும். தட்டும் வேலிமசாலும் போட்டா அது பாட்டுக்கு சந்தோசமா வளரும்.

தாது உப்பு எல்லாத்துக்கும் 20லேர்ந்து 30 கிராம், கால்நடைப் பல்கலைக்கழகத்தோட மையங்கள்ல கெடைக்குது. தண்ணி எப்பவும் தொட்டியில இருக்கணும். தண்ணி கொறஞ்சா தீனி கொறையும், நாம இனத்தக் குத்தம் சொல்லிட்டு இருப்போம்.

5. ஏழு நாள் மிச்சத்த நிறுத்துப் பாருங்க

மேல சொன்னது புத்தகக் கணக்கு. உங்க கன்னு நெசமா எவ்வளவு தின்னுதுங்கறது தொட்டியில மிஞ்சுறதுலதான் தெரியும். தொங்கு தராசு ஒண்ணு 500 ரூபாய்க்குள்ள கெடைக்கும், ஒரு சாக்க அதுல மாட்டிக்குங்க. சாயங்காலம் போடும்போது எடை, விடியக்காலம் மிச்சத்த அள்ளி எடை. ரெண்டுக்கும் நடுவுல இருக்கறதுதான் தின்னது. நாலையும் தனித்தனியாக் கட்டணும், தொட்டி பக்கத்துல பக்கத்துல இருந்தா ஒண்ணோடத ஒண்ணு எட்டித் தின்னும், கணக்கு நாறிப்போயிடும், எனக்கு முதல் மூணு நாள் அப்படித்தான் வீணாச்சு.

அந்த ஏழு நாள்ல நான் பாத்தது: காங்கேயம் தட்டுல தோகை, தண்டு எல்லாத்தையும் தின்னுட்டு அடிக்கட்டை மட்டும் ரெண்டு மூணு போட்டிருக்கும், மிச்சம் ஒரு கைப்பிடி. எச்.எஃப் தோகைய மட்டும் உருவித் தின்னுட்டுத் தண்ட அப்படியே மிதிச்சுப் போட்டிருக்கும், நிறுத்துப் பாத்தா 700, 800 கிராம். அதாவது நான் 2 கிலோ 200 போட்டும் உள்ள போனது ஒன்றரை கிலோதான். விலா எலும்பு தெரிஞ்சதுக்கு இதுவும் ஒரு காரணம். தட்டக் கத்தியில ரெண்டு இஞ்சு நீளத்துக்கு நறுக்கிப் போட ஆரம்பிச்சேன், மிச்சம் 200 கிராமுக்கு வந்துடுச்சு. ஒரு பைசா செலவில்ல, கையில கொப்புளம் மட்டும்தான்.

போட்டதுல 100க்கு அஞ்சு கூட மிஞ்சாம தொட்டி துடைச்ச மாதிரி இருந்தா பத்தலன்னு அர்த்தம். 15, 20க்கு மேல மிஞ்சினா ஒண்ணு அதிகம், இல்ல பிடிக்கல.

6. செலவு

நான் வாங்கின விலைய வச்சுச் சொல்றேன், உங்க ஊர்ல மாறும். கலப்புத் தீவனம் கிலோ 30, தட்டு கிலோ 8, புல்லு சொந்தக் காட்டுல வெட்டினாலும் தண்ணி, உரம், கூலி சேத்து கிலோ 3ன்னு வச்சேன் (சொந்தப் புல்லு ஓசின்னு நெனைக்கிறதுதான் நம்மாளுங்க பண்ற பெரிய தப்பு). எச்.எஃப்புக்கு ஒரு நாளைக்கு 82 ரூபாய், ஜெர்சிக்கு 63, காங்கேயத்துக்கு 46. எச்.எஃப்புக்கும் காங்கேயத்துக்கும் மாசத்துக்கு ஆயிரத்துச் சொச்சம் வித்தியாசம். ஒரு கன்னுக்கு மட்டும். கன்னு வளர வளர எடையோட தீனியும் ஏறும், அதனால இந்த மாசச் செலவையே 12ஆல பெருக்கிட்டு வருசச் செலவுன்னு உக்காந்துடாதீங்க.

இதப் பாத்துட்டு எச்.எஃப் வேணாம்னு சொல்லல. அது தின்னுறதுக்குத் தக்கன எடை ஏறும், ஒழுங்காப் போட்டா ஒரு நாளைக்கு 400, 500 கிராம் ஏறும், சீக்கிரம் சினைக்கும் வரும். காசு கையில இருந்தாத்தான் அத வாங்கணும்ங்கறதுதான் விசயம். வாங்கும்போதே ஆறு மாசத் தீவனக் காசத் தனியா எடுத்து வைங்க. கன்னு வெலையில பேரம் பேசி ரெண்டாயிரம் மிச்சம் பிடிச்சுட்டு மூணாம் மாசம் தட்டுக்குக் கடன் கேட்டு அலைஞ்சவன் சொல்றேன்.

கடன் வேணும்னா கால்நடை வளப்புக்கும் கிசான் கிரெடிட் கார்டு குடுக்குறாங்க. 2025 ஜனவரியிலேர்ந்து 2 லட்சம் வரைக்கும் அடமானம் இல்லாம வாங்கலாம். ஆதார், பேங்க் புக், நிலம் இருந்தா சிட்டா அடங்கல், கால்நடை டாக்டர்கிட்ட ஒரு சான்று, போட்டோ இதெல்லாம் எடுத்துட்டுப் போங்க. பேங்க்ல முதல் தடவையே முடியாது, மூணு நாலு நடை ஆகும்னு மனச தயார் பண்ணிக்குங்க.

7. எப்ப வாங்கணும், வந்ததும் என்ன பண்ணணும்

சித்திரை, வைகாசியில வாங்காதீங்க. நான் வாங்கினது அப்பதான். வெயில் ஏற ஏற வெளிநாட்டு ரத்தம் அதிகமா இருக்குற கன்னு தீனியக் கொறைச்சுடும், நாக்கத் தொங்கப்போட்டு மூச்சு வாங்கிக்கிட்டு நிக்கும், நாட்டுக் கன்னு அதே வெயில்ல அசை போட்டுக்கிட்டு படுத்திருக்கும். அந்த நேரத்துல பாத்து "எச்.எஃப் கம்மியாத்தான் தின்னுது"ன்னு கணக்கு எழுதினா ஐப்பசியில மழை வந்து குளுந்ததும் கணக்கு தலைகீழாயிடும். ஏற்கெனவே வச்சிருக்கவங்க வெயில் காலத்துல காத்தால ஆறு மணிக்குள்ளயும் ராத்திரியிலயும் பெரிய பங்கப் போடுங்க, மத்தியானம் பேருக்குக் கொஞ்சம் பச்சை போதும்.

வந்த முதல் வாரம் குடற்புழு மருந்து, சாணியப் பரிசோதனை பண்ணிட்டுக் குடுத்தா இன்னும் நல்லது. புழு இருக்குற கன்ன வச்சு எந்த இனத்தப் பத்தியும் முடிவு பண்ண முடியாது.

புதுத் தீவனத்துக்கு 7லேர்ந்து 10 நாள்ல கொஞ்சம் கொஞ்சமா மாத்துங்க. பட்டினியில கெடந்த சந்தைக் கன்னு வந்ததும் பேயாத் தின்னும், விட்டுப்போன வளர்ச்சியப் பிடிக்கறதுக்காக சில வாரம் அப்படித்தான் தின்னும். பாவம்னு கலப்புத் தீவனத்த அள்ளி வச்சீங்கன்னா வயிறு புளிச்சுப் படுத்துடும். அவசரம்னா 1962க்குப் போன் பண்ணுங்க, ஆம்புலன்ஸ் வரும்.

8. மாசம் ஒரு தடவ டேப்பு, அப்புறம் அடுத்த ஊசி

30 நாளைக்கு ஒரு தடவ அளந்து புது எடைக்குத் தீவனத்த மாத்திக்கிட்டே வாங்க. தேதி, சுற்றளவு, நீளம், எடை, தீவனம்னு ஒரு நோட்டுல அஞ்சு கட்டம் போட்டு எழுதினாப் போதும். வளந்த மாட்டோட எடையில 100க்கு 60, 65 வந்ததும் சினை ஊசி போடலாம். ஜெர்சி கலப்புக்கு 200, 220 கிலோ, எச்.எஃப் கலப்புக்கு 250 கிலோ. வயசு ஆயிடுச்சு, பருவத்துக்கு வந்துடுச்சுன்னு எடை வராம போட்டுடாதீங்க.

அப்ப டாக்டர் "எந்த ஊசி போடலாம்?"னு கேப்பார். சின்ன உடம்புக் கிடேரிக்கு முதல் ஈத்துல எச்.எஃப் போட்டா கன்னு பெருசாகி ஈனும்போது சிக்கிக்கும். என் காங்கேயத்துக்குக் காங்கேயம் ஊசிதான்னு சொல்லி வச்சிருக்கேன். ஜெர்சிக்கு ஜெர்சிதான் போட்டிருக்கு, ஊசி போட்ட அன்னைக்கே அந்தக் குச்சியக் கேட்டு வாங்கி, தேதி எழுதி, நோட்டுலயே ஒட்டி வச்சுட்டேன்.